லார்டு கொண்டுவந்த பன்

காலடிப்பேட்டையில் தப்ரேஸுக்கு லார்டு என்றுதான் பெயர். மூட்டை தூக்கப் போகிற மனுஷன் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? எண்ணூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லோடிங் வேலை. அதற்குத்தான் இத்தனை மிடுக்கு.

அந்த வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கான்ட்ராக்டர் மாறினார், கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் மகள் தமன்னாவின் காலேஜ் நின்றுவிடும். அதனால் பழையபடி இஸ்திரிச் சட்டையும் டிபன் பாக்ஸுமாகக் கிளம்பி, யானைக்கவுனி குடோன்களில் ஆள் கேட்கிறார்களா என்று அலைந்தார். ஐம்பதைத் தாண்டியவனை எவன் கேட்பான்?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தார். கம்பெனி கேன்டீனில் டீயோடு ஒரு பன் தருவார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் அதைத் தின்பதில்லை. டிபன் பாக்ஸில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவார்கள். தமன்னா பால்வாடி நாளிலிருந்து தின்று வளர்ந்த பன். அது நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, திரும்பும் வழியில் கல்மண்டபம் பேக்கரியில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வார்.

அன்று சாயங்காலம் அவர் நுழைந்ததும் மனைவி ஜஸீமா, "வந்துட்டாரு பெரிய லார்டு," என்றாள். எப்போதும் சொல்வதுதான். குரலில்தான் கிண்டலைக் காணோம்.

இங்கிலீஷ் பி.ஏ. படிக்கிற தமன்னா நிமிர்ந்தாள். "வாப்பா, லார்டுன்னா மொதல்ல இன்னா அர்த்தம் தெரியுமா? ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி அது ரெண்டு வார்த்தை. ஒண்ணு ரொட்டி, இன்னொண்ணு காவக்காரன். வூட்டு ரொட்டிக்குக் காவல் இருக்கிறவன்தான் லார்டு. அப்பால எசமான், பிரபு, கடவுள்னு மேல ஏறிகினே போச்சு."

"ஏறிப் போயி, கடைசில நம்ம தெருவுல நக்கலா வந்து எறங்கிச்சாக்கும்!"

தப்ரேஸ் சிரித்துக்கொண்டே பாக்ஸை நீட்டினார். அவள் பன்னை எடுத்து லேசாக அமுக்கினாள். அது அமுங்கி, மறுபடி உப்பியது.

"கம்பெனி பன்னு கல்லாட்டம் இருக்கும் வாப்பா. டீயில நனைச்சாதான் எறங்கும். இவ்ளோ மெத்துன்னு நீ கொண்டாந்த மொத நாளே தெரிஞ்சிபோச்சு."

தப்ரேஸ் ஜஸீமாவைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "ஆசையா குடுத்துகினு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?" என்றாள்.

"எம்.சி. ரோட்டு துணிக்கடைல இன்னிக்குதான் எனக்கு வேலை குடுத்தாங்க. திங்கக்கெழமைலருந்து வரச் சொல்லிட்டாங்க. காலேஜு அவ்ளோதான்," என்றாள் தமன்னா.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அப்புறம் என்ன வழி என்று அவள் கேட்டால்? அழுதுவிட்டார். மகள் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கத்தில் இன்னும் அழுதார். தமன்னா பன்னை மூன்றாகப் பிய்த்து, பெரிய துண்டை அவர் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை மகளின் சுடிதாருக்கு அவரே இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஜஸீமா அவருடைய டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, காலியாகவே தமன்னாவின் பையில் வைத்தாள்.

"அங்கதான் சாப்பாடு தராங்களேம்மா?"

"டீயோட எதுனா குடுத்தா, இதுல போட்டு எடுத்துகினு வா," என்றாள் ஜஸீமா.