அங்கம்மா கான்

மாதிரிப் பலகையை மூடியிருந்த துணியை லோஷினி விலக்கியதும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அலமாக், தாமரையெல்லாம் வரஞ்சிருக்காங்க! நம்ம கான்ல ஆகாயத்தாமரைதானே மண்டிக் கெடக்கும்?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கஸ்தூரியும் சிரித்தாள். சிரித்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தவள் மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

லோஷினி ஜொகூர் பாருவிலிருந்து வரும் திட்டமிடல் அதிகாரி. சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில், பழைய ஆறாங்கட்டைத் தோட்டத்தின் ஊடே ஓடும் நூறு வருஷத்துக் கால்வாயைத் தூர்வாரி, கரையில் நடைபாதை போட்டு, படகு விட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிற இடமாக்கப் போகிறார்கள். ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க இது ஐந்தாவது கூட்டம். கஸ்தூரி ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. அந்தக் கால்வாயின் ஒரு கிளைக்கு அவள் அம்மாவின் பெயர். அது பலகையில் ஏறப் போகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

ஏறித்தான் இருந்தது, மூன்று மொழியிலும்.

"அங்கம்மா கான். பெருவணிகர் கான் அவர்களின் துணைவியார். இத்தம்பதியர் மாலை வேளைகளில் இங்கே படகில் உலா வருவது வழக்கம். பட்டுச்சேலை அணிந்த அம்மையார் தம் கையால் நட்ட செண்பக மரங்கள் இக்கரைக்கு அழகு சேர்த்தன."

கஸ்தூரி எழுந்தாள். "யாரும்மா இந்தக் கானு?"

"மிஸ்டர் கான், ஆன்ட்டி. அந்தக் காலத்து பிசினஸ்மேன்."

"ஆளு இல்லம்மா அது. கான்னா தண்ணி போற கான். உங்க வீட்டு முன்னாடி ஓடலியா, அது."

தோட்டத்தில் வடிகால், வாய்க்கால், கால்வாய் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். பின்னாலிருந்து யாரோ, "அப்ப எங்க வீட்டுக்குப் பின்னால நாத்தம் அடிக்கிறாரே, அவரு சின்னக் கானா?" என்று கேட்க, மறுபடியும் மண்டபம் குலுங்கியது. இந்த முறை கஸ்தூரி சிரிக்கவில்லை.

லோஷினி கோப்பைப் புரட்டினாள். முகம் சிவந்துவிட்டது. போன வருஷம் இடப்பெயர் சேகரிக்க வந்தவர்களிடம் ஒருவர் 'அங்கம்மா கான்' என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் ஆள் பெயர் என்று நினைத்து எழுதிக்கொண்டார். முதல் அறிக்கையில், 'கான் என்ற வணிகரின் மனைவியாக இருக்கலாம்' என்றிருந்தது. அடுத்ததில் 'இருக்கலாம்' இல்லை. அதற்கடுத்ததில் பட்டுச்சேலை வந்துவிட்டது.

"சொன்னது யாரும்மா?"

"அய்யாவுன்னு ஒரு அங்கிள்."

கஸ்தூரியின் அண்ணன்தான். கான் என்றால் யாருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

கஸ்தூரி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். "எங்கம்மா கான் வெட்டுற கேங்குல இருந்துச்சும்மா. அறுவத்தி நாலு, டிசம்பர் மழ. நாலாம் கான்ல புல்லு அறுத்துக்கிட்டு இருக்கறப்ப கர சரிஞ்சு உள்ள இழுத்துருச்சு. ரெண்டு நாளு கழிச்சுத்தான் கெடச்சுச்சு. அதுலேருந்து சனங்க அத அங்கம்மா கான்னு சொன்னாங்க. இந்தா, சாவு சூரா."

லோஷினி பழைய மரணப் பத்திரத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள். இறந்த இடம்: பாரிட் 4. மலாயில் பாரிட் என்றாலும் கான்தான்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் தங்கராஜு எழுந்து பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கஸ்தூரிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. படகு நின்னு ஆளு ஏறுற எடம் அது. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வருவாங்க. இங்க ஒரு பொம்பள முழுகிச் செத்துச்சுன்னு எழுதி வச்சா எவன் ஏறுவான்?"

"சாவ எழுத வேணாம் தம்பி. கான் வெட்டுன பொம்பளன்னு எழுதுங்க."

"அதுக்கு டாக்குமென்ட் வேணும், ஆன்ட்டி" என்றாள் லோஷினி. "செக்ரோல், வேலைக் கார்டு, ஏதாச்சும்?"

தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் தாள்களையெல்லாம் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். அம்மா வாழ்ந்ததற்கு ஒரு துண்டுத் தாள் கிடையாது. செத்ததற்கு மட்டும் இருக்கிறது.

"அப்ப காரணம் எழுதாம பேர மட்டும் போட்டுருங்க."

"காரணம் எழுதுற கட்டத்தக் காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது, ஆன்ட்டி."

"மிஸ்டர் கானுக்கு மட்டும் டாக்குமென்ட் இருக்கா?"

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு... ஏற்கெனவே அப்ரூவ் ஆயிட்டாரு."

பின்வரிசையில்கூட யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு, இப்ப இருக்கற மாதிரியே விடலாம், ஆன்ட்டி. இல்லன்னா பேரையே எடுத்துட்டு, மேப்புல இருக்கற மாதிரி பாரிட் 4னு போடலாம். பிரின்ட்டுக்குத் திங்கக்கெழம போகுது. நீங்கதான் குடும்பம். நீங்க சொல்ற மாதிரி செய்றேன்." நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "சாரி, ஆன்ட்டி. உண்மையிலயே சாரி."

மறுநாள் காலையில் கஸ்தூரி அண்ணன் வீட்டுக்குப் போனாள். பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்திருந்தாள். அய்யாவு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். திட்டுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவரோ முதல் வரிக்குப் போய் மறுபடியும் படித்தார்.

"பட்டுச்சேலையாம், கஸ்தூரி."

"ஆமா. நீ போயி ஒளறிட்டு வந்ததுக்கு."

"படகுல உலாப் போவாங்களாம்."

"அண்ணே, என்னா பேசுற? வெறும் பொய்யி."

"பொய்யிதான். யாரு இல்லன்னா?" அவர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். "எனக்குப் பத்து வயசு. உனக்கு ஆறு. உன்னய யாரும் கிட்ட விடல. நான் பாத்தேன். அம்மாவ ஏணியில போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. இடுப்புல கட்டியிருந்த சாக்கு அப்படியே இருந்துச்சு. அந்தச் சாக்கோடதான் எனக்கு அம்மாவத் தெரியும். இத்தன வருஷமா கண்ண மூடுனா அதான் வருது." கண்ணாடியைக் கழற்றினார். "இங்கயாச்சும் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே. தண்ணி மேல போகட்டும். வேணாங்காத."

அண்ணனின் மருமகள் கொண்டுவந்து வைத்த கோப்பி ஆறி ஆடை படிந்தது.

அன்று மத்தியானம் அவள் தனியாக நாலாம் கானுக்குப் போனாள். தூர்வாரும் இயந்திரம் கரையில் ஏறி நின்றது. தண்ணீர் எப்போதும்போலக் கறுப்பு. அம்மாவை நினைத்துப் பார்த்தாள். முகம் அவளுக்கு ஞாபகமில்லை. குரல் மட்டும் இருந்தது, அதுவும் ஒரே வார்த்தையாக. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கர் கிராணி நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவளும் தூக்கக்கலக்கத்தில் நிற்பாள்.

"முப்பத்தெட்டு!"

"வந்தேன்யா!"

கஸ்தூரி இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்து லோஷினிக்குப் போன் போட்டாள்.

"நம்பரே போட்டுரும்மா, பாரிட் நாலுன்னே."

"ஆன்ட்டி... ஷுவரா? அப்புறம் அந்தப் பேரு எங்கயுமே இருக்காது."

"தெரியும்மா."

"ஏன் ஆன்ட்டி? பேராச்சும் நிக்குமேன்னு நெனச்சேன்."

"எங்கம்மா நம்பருக்குக் கொரல் குடுத்துப் பழகுன ஆளு. ஏதோ ஒரு நம்பரச் சொன்னாலும், நம்மளத்தானோன்னு திரும்பிப் பாக்கும். மிஸ்டர் கான் சம்சாரம்னு கூப்பிட்டா, வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு அது பாட்டுக்குப் போயிரும்மா."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு லோஷினி, "ஓகே, ஆன்ட்டி" என்றாள்.

அய்யாவு அதன் பிறகு தங்கையோடு பேசவில்லை. "உன் கைக்காசா போச்சு, என்னா? எழுதினவன் எழுதிட்டுப் போறான். பட்டுச்சேலைய உருவிட்டியே" என்று ஒரே ஒரு முறை போனில் சொன்னார். தீபாவளிக்கும் வரவில்லை. கஸ்தூரி முறுக்கை வாளியில் போட்டு அனுப்பினாள். பதிலுக்கு ஒன்றும் வைக்காமல் வாளி கழுவித் திரும்பி வந்தது.

திறப்பு விழாவுக்கு மட்டும் வந்தார். தங்கராஜு காரில் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். பேச்செல்லாம் முடிந்து, முதல் படகில் பழைய தோட்டத்து ஆட்கள் ஏறட்டும் என்றார்கள். ஏறுவதற்கு மொத்தமே ஐந்து பேர்தான் இருந்தார்கள். அய்யாவு ஊன்றுகோலோடு தடுமாற, கஸ்தூரி கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை.

படகோட்டி வெளியூர்க்காரர், நல்ல மனிதர். பெரிய கானில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது கேட்டார், "யாரு எங்க எறங்கணும்?"

"அங்கம்மா கான்" என்றார் அய்யாவு.

படகோட்டி எதிரே ஒட்டியிருந்த வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினார். "அப்படி ஒரு ஸ்டாப் இல்லியே, அங்கிள். பழைய பேரா? எந்தப் பக்கம்?"

அய்யாவு தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கஸ்தூரி தாங்கியிருப்பாள்.

"நாலுப்பா" என்றாள் கஸ்தூரி. "பாரிட் நாலு."

"ஓ, நாலா! அத சொல்லுங்க."

படகு கிளைக்குள் திரும்பியது. புதிதாகக் கட்டிய கரை, வெள்ளைக் கம்பி வேலி, பச்சைப் பலகையில் இரண்டே சொல். அய்யாவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் குனிந்து பார்த்தார். பிறகு, பெரட்டுக் களத்துக் கிராணி மாதிரி, ஆனால் உடைந்த குரலில், கூப்பிட்டார்.

"முப்பத்தெட்டு!"

படகு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. கஸ்தூரி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"டிக்கெட் நம்பரா, அங்கிள்?" என்றார் படகோட்டி, திரும்பாமலே. "இன்னிக்கு அதெல்லாம் பாக்க மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு எறங்குங்க."