பிடிக்கப் போன கை

மெத்தைக் கடையின் கீழ்த்தளத்தில் அவள் உறை தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மேலே கிடங்கு. பஞ்சு மூட்டைகளும் ஸ்பாஞ்சுப் பலகைகளும் கூரை தொட அடுக்கியிருக்கும். கடையை நடத்தியவர்கள் இருவர்: ஒருவன் அவளுடைய அண்ணன், இன்னொருவன் அவள் கணவனின் தம்பி. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது என்று வீட்டில் கேலி பேசுவார்கள். இருவரையும் கூட்டுச் சேர்த்துவிட்டதே அவள்தான்.

கொழுந்தனுக்கு வீட்டில் ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். பஸ் நிற்பதற்குள் இறங்குவான், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான். அண்ணன் நேரெதிர், அசைந்து கொடுக்காத ஆள். கிடங்கில் நின்று சிகரெட் ஊதுவது அவன் வழக்கம். ஒரு பொறி விழுந்தால் தெருவே பற்றிக்கொள்ளும் என்று கொழுந்தன் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருந்தான். புகை வாடை வந்தால் அவள்தான் ஜன்னலைத் திறந்துவிட்டு, இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது என்று சமாளிப்பாள். சின்ன வயதில் தன்னைத் தூக்கி வளர்த்த அண்ணனை அவளால் விட்டுக்கொடுக்க முடியாது.

அன்று மதியம் அண்ணன் கொழுந்தனிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். மாடிப்படி உச்சியில் இருவரும் கத்தும் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாரையும் கொளுத்திட்டு நீயும் செத்துத் தொலை” என்றான் கொழுந்தன்.

அண்ணன் அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தான். கொழுந்தன் இரண்டு கையாலும் நெஞ்சில் கொடுத்துத் தள்ளினான். பின்னால் வைத்த காலுக்குப் படி கிடைக்கவில்லை. அண்ணன் சாய்வதைக் கண்டதும் கொழுந்தன் பாய்ந்து கையை நீட்டினான். விரலில் அகப்பட்டது சட்டைப்பை மட்டும்தான். அது பிய்ந்து கையோடு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அண்ணனின் உயிர் போய்விட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, பார்த்ததைச் சொல்லச் சொன்னார். செத்துத் தொலை என்று சொன்னான், தள்ளினான், அண்ணன் விழுந்தான் என்றாள். காலரை விட்டுவிட்டாள். நீண்ட கையையும் விட்டுவிட்டாள். மறந்தா போனாள்? இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, நடைபாதையில் அண்ணன் மனைவி நெஞ்சில் அறைந்துகொண்டு அழும் சத்தம் கேட்டது. அதோடு நிறுத்திக்கொண்டு மிச்சத் தண்ணீரைக் குடித்தாள். சொன்னது எதிலும் பொய் இல்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தில் பல மாதம் ஓடிப்போயிற்று.

விசாரணைக்குச் சில நாள் முன்பு அரசு வக்கீல் அவளைத் தன் அறைக்கு வரச் சொன்னார். சாந்தமான மனிதர். உங்கள் சாட்சிதான் இந்த வழக்குக்கு முதுகெலும்பு என்றார். அவளுக்கு விளங்காததைப் பார்த்து, பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

“போன உயிர் ஒண்ணுதாம்மா. ஆனா சட்டம் அதை ஒரே மாதிரி பாக்காது. சாகடிக்கணும்னு நினைச்சே செஞ்சா அது கொலை. அப்படி நினைக்காம, திடீர்னு வந்த சண்டையில, ஆத்திரத்துல செஞ்சு உயிர் போயிட்டா அது கொலைக்கு ஒரு படி கீழ. வெறும் கவனக்குறைவுன்னா அதுக்கும் கீழ. தள்ளினதை அவனே மறுக்கல. தள்ளும்போது மனசுல என்ன இருந்துச்சுங்கறதுதான் கேள்வி. செத்துத் தொலைன்னு சொன்னான் பாருங்க, அதை வெச்சுத்தான் கொலைன்னு வழக்கே போட்டிருக்கோம்.”

அந்த வார்த்தையை அவள் வீட்டில் யார் யாரைப் பார்த்துச் சொல்லவில்லை? பால் பொங்கி வழிந்தால் அடுப்பைப் பார்த்து அவளே சொல்வாள்.

“தள்ளின பிறகு பிடிக்கப் பாத்திருந்தா?” என்று மெல்லக் கேட்டாள்.

வக்கீல் நிமிர்ந்தார். “பிடிக்கப் பாத்தானா?”

“தெரியல. சும்மா கேட்டேன்.”

அதுதான் இந்த வழக்கில் அவள் சொன்ன முதல் பொய். அதுவரை மௌனம் மட்டும்தான் அவள் கணக்கில் இருந்தது. பொய்ச்சாட்சியும் தனிக் குற்றம்தான் என்று அவர் எச்சரிக்கையாகச் சொல்லி அனுப்பினார். வெளியே வந்து பஸ் ஏறினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

வீட்டில் கணவன் இத்தனை மாதமும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. செத்தது மைத்துனன், ஜெயிலில் இருப்பது கூடப் பிறந்தவன். அவன் யார் பக்கம் பேசுவான்? சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, அவள் மூஞ்சியைப் பார்க்காமல் உறங்கப் போவான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோர்ட்டில் கொழுந்தன் கூண்டில் இளைத்து நின்றான். தலையே நிமிரவில்லை. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் அவள் ஸ்டேஷனில் சொன்னதையே சொன்னாள். கொழுந்தனின் வக்கீலம்மா எழுந்து, எத்தனை தூரத்தில் இருந்தீர்கள், வெளிச்சம் எப்படி, மிஷின் ஓடிக்கொண்டிருந்ததா என்று துருவினார். இதோ கேட்கப்போகிறார், அந்தக் கையைப் பற்றி இதோ கேட்டுவிடுவார் என்று அவள் ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லிவிடலாம், கேட்டார்கள் சொன்னேன் என்று அண்ணன் மனைவியிடம் போய் நிற்கலாம். வக்கீலம்மா, அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டார்.

இறங்கலாம் என்றார் நீதிபதி. அவள் இறங்கவில்லை.

“ஐயா, இன்னும் ஒண்ணு இருக்கு. யாரும் கேக்கல.”

சொல்லுங்கள் என்றார் அவர். அவள் சொன்னாள். காலரை முதலில் பிடித்தது அண்ணன் என்பதையும், தள்ளிய அடுத்த நொடியே கொழுந்தன் பாய்ந்து கையை நீட்டியதையும், பை கிழிந்து வந்ததையும். பை கைகலப்பில் கிழிந்ததாகத்தான் போலீஸ் அதுவரை நினைத்திருந்தது.

அரசு வக்கீலின் முகம் கறுத்துவிட்டது. இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டார்.

“என் அண்ணன் போயிட்டான். அதுக்கு யாராவது முழுசா மாட்டணும்னு இருந்துச்சு.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அவள்மேல் வழக்கு எதுவும் போடச் சொல்லவில்லை. போட்டிருந்தாலும் அவள் மறுத்திருக்க மாட்டாள்.

தீர்ப்பில் கொலை என்ற வார்த்தை போய்விட்டது. திடீர்ச் சண்டையில் மரணம் விளைவித்த குற்றம் என்றாகி, சில வருடத் தண்டனையோடு நின்றது. வராந்தாவில் அண்ணன் மனைவி அவள் எதிரே வந்து நின்றாள்.

“உங்கண்ணன் உனக்கு என்ன கெடுதல் பண்ணாரு?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அண்ணன் மனைவி இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குற்றம் சொல்ல முடியாது. கிடங்கில் அண்ணன் புகைப்பதை மூடி மறைத்தது யார் என்று அண்ணன் மனைவிக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தப்பு எந்தச் சட்டத்திலும் குற்றமாகாது. எந்த வக்கீலும் அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

கொழுந்தனைப் பார்க்க ஒரு நாள் கணவனோடு ஜெயிலுக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்க மனதுக்குள் வார்த்தைகளைக் கட்டி வைத்திருந்தாள். அவன்தான் முதலில் பேசினான், அவசரமே இல்லாமல்.

“அண்ணி, நிஜமாவே நான் கை நீட்டினேனா? இல்ல, என்னைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொன்னீங்களா?”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“எனக்கு ஞாபகமே இல்ல, அண்ணி. தள்ளினது ஞாபகம் இருக்கு. அப்புறம் கையில ஒரு துணி இருந்துச்சு. வேணும்னேதான் கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளும் இருந்தேன். ஒத்துக்கறேன்னு வக்கீலம்மாகிட்டகூடச் சொன்னேன். அவங்கதான் விடல.”

கோர்ட்டை மட்டும்தான் ஏமாற்றினோம் என்று அவள் இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் தன்னையே கொலைகாரன் என்று நம்பிக்கொண்டு ஒவ்வொரு நாளும் எழுந்து, சாப்பிட்டு, படுத்திருக்கிறான். இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் அவள்தான். அவளோ இத்தனை மாதமும் வாயை மூடிக்கொண்டு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் நின்ற கணவன் மெதுவாக, “சொல்லு” என்றான்.

அவள் வலையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிகரெட் வாடையில் தொடங்கி, தான் ஜன்னல் திறந்துவிட்ட நாட்களையும் சேர்த்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். முடித்ததும் அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.