வலத்தோளில் எழுபது கிலோ

திருப்பதியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில். அதன் வெளிவாசல் குள்ளம். உற்சவத்தன்று பெருமாளைத் தோளில் ஏளப்பண்ணிக்கொண்டு வருகிறவர்கள் நிமிர்ந்து நடந்தால் கிரீடம் நிலைக்கல்லில் இடிக்கும். அதனால் பதினாறு பேரும் ஒன்றாக முழங்காலை மடித்து, பாதி உட்கார்ந்த மேனிக்கு ஆறடி நகர்ந்து, வெளியே வந்ததும் ஒன்றாக எழுந்திருக்க வேண்டும். வாசலைக் கட்டினவர் எதையும் தூக்கிப் பழகாதவராக இருக்க வேண்டும்.

போன வருஷம் கருட சேவையில் பதினைந்து பேர் எழுந்தார்கள். வாகனத்தின் இடப்பக்கத் தண்டில் முதல் ஆளாக நின்ற தோதாத்ரி எழவில்லை. முழங்கால் அப்படியே நின்றுவிட்டது. பெருமாள் ஒரு சாண் முன்னால் சாய்ந்தார். பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை, பின்னாலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாலை மட்டும் நழுவி தோதாத்ரியின் கழுத்தில் விழுந்தது. கூட்டத்தில் சிலர் அதை அனுக்கிரகம் என்று நினைத்து அவரைச் சேவித்தார்கள்.

தோதாத்ரிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷமாய் அந்த முதல் இடம் அவருடையது. தூக்குகிறவர்களுக்குத் தலைவர் கமலக்கண்ணன், தோதாத்ரியின் அக்காள் கணவர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் நீ குடை பிடிக்கலாமே என்று மட்டும் சொன்னார். குடை பிடிப்பதும் கைங்கரியம்தான். ஆனாலும் தோதாத்ரி இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை மனைவி ருக்மணி புளியோதரை பண்ணினாள், சாப்பிட்டார்.

முழங்காலில் கோளாறு இல்லை, தொடையில்தான் வலுவில்லை, ஜிம்முக்குப் போய் ஸ்க்வாட் செய்யுங்கள் என்றார் டாக்டர். பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதுதான் ஸ்க்வாட் என்று தெரிந்ததும், இதைச் சொல்லவா ஐந்நூறு ரூபாய் என்று தோதாத்ரி நினைத்துக்கொண்டார்.

செல்போன் கடைக்கு மாடியில் அந்த ஜிம். பயிற்சி கொடுக்கிறவன் பவன்குமார், தமிழ்நாட்டு எல்லையோரம் விஜயபுரத்துப் பக்கம் சொந்த ஊர். நாளெல்லாம் தெலுங்கில் கத்துகிறவன், தோதாத்ரியிடம் தமிழ் பேசினான். அங்கே ஸ்க்வாட்டுக்கு இரண்டு ஏற்பாடு. ஒன்று வெறும் கம்பி. ஸ்டாண்டிலிருந்து தோளுக்கு எடுத்துக்கொண்டு நாமே சாயாமல் தாங்க வேண்டும். இன்னொன்று மெஷின், கம்பி இரண்டு தண்டவாளத்துக்குள் நேராக ஏறி இறங்கும், எங்கே வேண்டுமானாலும் கொக்கியில் மாட்டிவிடலாம்.

முதல் நாள் வெறும் கம்பி. பவன்குமார் திரும்பிப் பார்ப்பதற்குள் தோதாத்ரி அதை வலத்தோளில் மட்டும் ஏற்றி, இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். வேறு எப்படி வைப்பது என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கத் தண்டுக்காரர்களுக்குப் பாரம் எப்போதும் வலத்தோளில்தான். கம்பியின் ஒரு முனை தரையை இடித்தது, மறுமுனை ட்யூப்லைட்டை இடித்தது.

அன்றே அவரை மெஷினுக்கு மாற்றினான். வீட்டில் ருக்மணிக்கும் அதுவே திருப்தி. கொக்கி இருக்கிறதே, ஆள் நசுங்க மாட்டாரே என்றாள். தோதாத்ரி தினமும் போனார். எழும்போதெல்லாம் வழக்கப்படி "கோவிந்தா" என்றார். பக்கத்தில் பைசெப்ஸ் போட்டுக்கொண்டிருந்தவர்களும் "கோவிந்தா" என்றார்கள். திருப்பதியில் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க யாராலும் முடியாது. நாற்பது கிலோ ஐம்பதாயிற்று, ஐம்பது எழுபதாயிற்று. எழுபது என்பதை அவர் கோயிலில் எல்லோரிடமும் சொன்னார். கமலக்கண்ணனிடம் இரண்டு தடவை சொன்னார்.

உற்சவத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது பவன்குமார் ஒருநாள் பின்னாலிருந்து பார்த்தான். எழுபது கிலோவும் வலத்தோளில் இருந்தது. இடது கை இடுப்பில் இருந்தது. நான்கு மாதமாக, அவன் அந்தப் பக்கம் போனதும் தோதாத்ரி இப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். தண்டவாளம் சாய விடாது, அதனால் தெரியவில்லை.

"இன்னா சாமி இது?"

"எனக்குப் பழக்கமான தோள்ப்பா."

"நீங்க அத்த தூக்கல சாமி. அதான் உங்கள புடிச்சிக்கினு கீது."

தோதாத்ரி நம்பவில்லை. அவன் வெறும் கம்பியில் முப்பது கிலோ போட்டு, இரண்டு தோளிலும் சமமாக வைத்து உட்காரச் சொன்னான். பாதி இறங்குவதற்குள் தொடை நடுங்கி உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. போன வருஷத்து வாசல் கண் முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு அதோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வந்து, எழ முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். ஸ்டாண்டின் இரண்டு பக்கமும் இடுப்புக்குக் கீழே குறுக்குக் கம்பி இருப்பதைப் பவன்குமார் காட்டினான். முடியவில்லையென்றால் பாரத்தை அதன்மேல் இறக்கிவிட்டு நகர்ந்து வந்துவிடலாம். தோதாத்ரி அதைத் தொட்டுப் பார்த்தார். வீதியில் நிற்கும்போது பல்லக்குத் தண்டுக்கு முட்டுக் கொடுக்கிற ஆயக்கால்தான் இது, படுக்கப் போட்டிருக்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. அதற்கப்புறம் பயம் கொஞ்சம் குறைந்தது. மெஷின் பக்கம் போகவில்லை. ருக்மணியிடம் இதைச் சொல்லவும் இல்லை.

உற்சவத்துக்குப் பத்து நாள் முன்பு கமலக்கண்ணன் ஜிம்முக்கே வந்துவிட்டார். செருப்பைக் கீழே செல்போன் கடையில் விட்டுவிட்டு, மாடியேறி, நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். எழுபதைக் காட்டு, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

மெஷின் காலியாக இருந்தது. எழுபது கிலோ போட்டு வலத்தோளில் வைத்தால் பத்து தடவை எழுந்திருக்கலாம். முதல் இடம் திரும்பக் கிடைத்துவிடும். தோதாத்ரி அதன் அருகில் போய் நின்றார். கம்பியைப் பிடித்தும்விட்டார். வாசலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் கிடையாது என்று நினைத்தாரோ என்னவோ, கையை எடுத்துவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தார். நாற்பது கிலோ போடச் சொன்னார்.

மூன்று தடவை நேராக எழுந்தார். மூன்று கோவிந்தாவுக்கும் பதில் வந்தது. நாலாவதில் முடியவில்லை. சாயாமல் அப்படியே இறங்கி, குறுக்குக் கம்பியில் பாரத்தை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எழுபதுன்னியே?" என்றார் கமலக்கண்ணன்.

"அது மெஷின் தூக்கினது அத்திம்பேர். நான் தூக்கறது நாப்பதுதான்."

கமலக்கண்ணன் எழுந்து வந்து அவருடைய இடத்தோளைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் தோல் சிவந்து, கன்றியிருந்தது.

"இந்தத் தோளும் தாங்கறதா?"

"தாங்கறது."

முதல் இடத்தை முரளிக்குக் கொடுத்தாகிவிட்டது, அவனுக்கு இருபத்துநாலு வயசு, அதை இனிமேல் மாற்ற முடியாது என்றார் கமலக்கண்ணன். ஆனால் வலப்பக்கத் தண்டில் கடைசி இடம் காலி. அதில் நின்ற கோவர்த்தனன் சித்தூரில் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான், லீவு கிடைக்காது. வலப்பக்கம் நிற்கிறவனுக்கு இடத்தோள் வேண்டும். கேட்டால் எல்லோரும் வலத்தோளைக் காட்டுகிறார்கள்.

"கடைசி எடம். வரியா, குடையா?"

"வரேன்."

"முடியலைன்னா வாயத் தெறந்து சொல்லு. போன வருஷம் மாதிரி மாலைய வாங்கிண்டு நிக்காதே."

கருட சேவையன்று வாசலில் பதினாறு பேரும் மடங்கினார்கள். கடைசி ஆளாக, இடத்தோளில் தண்டோடு, தோதாத்ரி ஆறடி நகர்ந்தார். நாலாவது அடியில் தொடை நடுங்கிற்று. வாயைத் திறந்தார், அதற்குள் நிலைக்கல் தாண்டிவிட்டது, திறந்த வாயில் கோவிந்தாதான் வந்தது. பதினாறு பேரும் எழுந்தார்கள். பெருமாள் ஒரு விரற்கடை கூடச் சாயவில்லை.

இடம் மாறினது தெரியாமல் கூட்டத்தில் நின்ற ருக்மணி, இடப்பக்கம் முதல் ஆள் சின்னப் பையன் மாதிரி துள்ளி எழுந்ததைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராத்திரி கணவருக்குத் தைலம் தேய்க்கும்போது அதைச் சொன்னாள். உங்க முதுகே நிமிர்ந்து போச்சு, இடுப்பில் சதை கூட இல்லை, எல்லாம் அந்த மெஷின் பண்ணினது என்றாள்.

தோதாத்ரி புரண்டு படுத்தார்.

"இடத்தோள்ல தேய்," என்றார்.