மாறாத கோப்பைத் தொடாதே

1

யூனிக்ஸ் வகைக் கணினி இயங்குதளம் ஒன்றில், ஒரு கருவியின் உதவிக் குறிப்பைப் படிக்கும்போதுதான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. புதிய கோப்புகளை அதனதன் இடத்தில் வைத்து, யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதியையும் போட்டுவிடும் சின்னக் கருவி அது. குறிப்பில் ஒரு வரி: புதியதும் பழையதும் ஒன்றாக இருந்தால் பழையதைத் தொடாதே. இதை யாரோ ஏங்கித்தான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கணினிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2

அந்தக் கருவியைச் செய்தவனை இப்படித் தொடங்கினேன்: "அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை" — வேண்டாம், அடித்துவிட்டேன். அலுவலகத்தில் அவன் இருக்கைக்குப் பக்கத்தில் ஜன்னலே கிடையாது. ஏசி தண்ணீர் சொட்டும் பிளாஸ்டிக் வாளிதான் இருக்கிறது.

அவனும் மனைவியும் ஒரே குழு. அவன் நிரல் எழுதுவான், அவள் அதற்கு உதவிக் குறிப்பு எழுதுவாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசிக் குறிப்பைச் சேமித்துவிட்டு வேலையையும் அவனையும் சேர்த்தே விட்டுப் போனாள். (ஏன் என்று கேட்காதீர்கள். மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவன் கட்சியே பேசியிருந்தேன், கிழித்துப் போட்டேன்.) அந்தக் கோப்பில் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி அப்படியே இருக்கிறது. அவனுக்கு மிச்சம் அதுதான்.

கோப்புகளை வைக்கும் பழைய கருவி எதை வைத்தாலும் அன்றைய தேதியைக் குத்திவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு கோப்பை மட்டும் கையால் விலக்கி வைத்தான். இப்போது புதுக் கருவியை வடிவமைக்கும் வேலை அவன் தலையிலேயே விழுந்தது. இனி எல்லாம் ஒரே மூச்சில் போகும், விலக்க முடியாது.

3

வைப்பதற்கு முன் பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டும், ஒன்றாக இருந்தால் பழையதை அப்படியே விட வேண்டும் என்றான். நேரம் வீணாகுமே என்றார் குழுத் தலைவி. எல்லோருக்கும் அவர் அக்காதான். ஒரு கோப்பின் தேதி மாறினால் அந்தக் கோப்பை நம்பியிருக்கும் நிரல்களெல்லாம் வீணாக மறுபடி உருவாகும் என்று விளக்கினான். பொய்யில்லை.

"காரணம் சரியாத்தான் இருக்கு. ஆனா அதுக்காகவா கேக்குற?"

"அதுக்கும்தான், அக்கா."

அவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

4

இங்கேயே முடித்திருந்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது.

"நம்ம குறிப்புல நாற்பதாவது வரி உதாரணம் தப்பு, ஓடல. திருத்தி அனுப்பியிருக்கேன். போட்டுடு."

அவ்வளவுதான். "எப்படி இருக்கே" என்று ஒரு வரி சேர்க்க நானும் படாதபாடு பட்டேன், அவள் பேச்சில் அது ஒட்டவில்லை. ஆனால் அந்த "நம்ம" அவளாக எழுதியது.

இப்போது இரண்டும் ஒன்றல்ல. முதல் முடிவு: புதியதை வைக்கிறான், செவ்வாய்க்கிழமை போய்விடுகிறது. இரண்டாவது: வைக்காமல் விடுகிறான், யாரோ தப்பான உதாரணத்தை நம்பி... இல்லை, அதை அவள் மன்னிக்க மாட்டாள்.

மூன்றாவதை அவனே கண்டுபிடித்தான். அவள் சுருக்கிக் கட்டி அனுப்பிய இணைப்பைப் பிரித்தபோது உள்ளிருந்த கோப்பின் தேதி தெரிந்தது. போன வியாழன், மதியம் மூன்று பத்து. இரண்டு வருஷம் கழித்து ஒரு மதியம், அவன் எழுதிய நிரலை உட்கார்ந்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். செவ்வாய் போனாலும் இந்த வியாழனாவது நிற்கட்டும். வந்து சேரும் கோப்பின் தேதியை மாற்றாமல் வை என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்க நான்கு வரி ஆயிற்று. அதற்குள் தட்டச்சில் இரண்டு முறை பிழை வந்தது.

வைத்துவிடுவான், எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பதில் போட வேண்டுமே. "போட்டுட்டேன்" என்று ஒரு சொல்லா, இரண்டு வருஷமுமா? எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களே எழுதிக் கொடுங்கள், அவன் காத்திருக்கிறான்.