யாரும் தூக்காமல்

சிதம்பரத்தில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் ஜலீலுக்கு வயது அறுபத்து மூன்று. வாய் இன்னும் முப்பதில்தான் இருந்தது. கால்தான் கிழடு தட்டிவிட்டது. சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால் மறுபடி எழ முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் மச்சான் ஜமாலுதீனும் இன்னொருவரும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அத்தனை பேர் பார்த்தார்கள். மானம் போய்விட்டது. அதோடு மனிதர் பள்ளிப் பக்கமே போகவில்லை. வீட்டில் தொழுதார், ஐந்து வேளையும் மனைவி சலீமா பீவி தூக்கிவிட்டாள்.

பெருநாள் தொழுகையையாவது பள்ளியில், தானே எழுந்து தொழ வேண்டும் என்று அவருக்கு ஒரே ஏக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மழையில் பஸ் ஏறிக் கடலூர் டாக்டரிடம் போனார்.

"ஒக்காந்தே இருந்து தசை கரைஞ்சிடுச்சி பாய். ரத்த ஓட்டமும் மந்தம். பழைய சைக்கிள் டியூப ஜன்னல் கம்பியில கட்டுங்க. நாற்காலியில ஒக்காந்து, பாதத்துல மாட்டி மெதுவா இழுங்க. பத்து தடவ போதும். மூச்ச அடக்காதீங்க."

ஜலீலுக்குத் தஸ்பீஹ் மணி இல்லாமல் எண்ண வராது. மணியை உருட்டிக்கொண்டே இழுத்தார். தொழுகை முடிந்து முப்பத்து மூன்று மணி உருட்டியே பழகிய விரல் அதே எண்ணிக்கையில்தான் நின்றது. மறுநாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

"பத்துன்னுதான சொன்னாரு டாக்டரு? ஒங்களுக்கு எல்லாமே ஜாஸ்திதான்!" என்று சலீமா மணியைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்தாள். கால் தேற ஒரு வாரம் ஆனது. பிறகு விரலை மடக்கி எண்ணினார், பத்தைத் தாண்டவில்லை.

நோன்புப் பெருநாள் அன்று பள்ளியில் ஜமாலுதீன் பக்கத்திலேயே நின்றான். சஜ்தா முடிந்ததும் ஜலீல் தொடையில் கை ஊன்றினார். கால் நடுங்கியது. ஆனாலும் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "சலீமா! ஒருத்தனும் தொடல, நானே எழுந்துட்டேன்!"

அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்த சலீமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழப் பார்த்தாள். சுவரைப் பிடித்தாள், முடியவில்லை.

"என்ன புள்ள?"

"முட்டி ஒரு வருஷமா இப்படித்தான். சொன்னா நீங்க தூக்கச் சொல்ல மாட்டீங்க. அப்புறம் தொழுகை போயிடுமேன்னு..."

ஜலீலுக்குப் பெருநாள் சந்தோஷமெல்லாம் வடிந்தது. ஒரு வருஷம், ஐந்து வேளை. குனிந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார். அவள் நின்ற பிறகும் அவரால் அந்தக் கைகளை விட முடியவில்லை.