மாப்பிள்ளைக்கு வந்த கொழுப்பு

தன் கணவர் திருமூர்த்திக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னபோது, மயிலாத்தாளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

அதற்கு முந்தைய வருஷம், தொண்ணூற்றெட்டில், அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. பனியன் ஆர்டர் பிடிக்க பம்பாய் போய்வந்த காலத்துச் சங்கதி. மயிலாத்தாளும் சோதித்துக்கொண்டாள், அவளுக்கு இல்லை. கொஞ்ச நாள் அழுதாள், கொஞ்ச நாள் அவரோடு பேசாமல் இருந்தாள், பிறகு மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைத்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் எழுந்து கம்பெனிக்குப் போனார். ஆனால் அதே மாத்திரைதான் கன்னத்தை ஒட்டவைத்து, வயிற்றை மட்டும் முன்னால் தள்ளி, ரத்தத்திலும் கொழுப்பை ஏற்றிவிட்டது என்றார் டாக்டர். சோதனைக்கு எடுத்த ரத்தத்தின் மேல் பாலாடை மாதிரி படிந்திருந்ததாம்.

"எண்ணெய், கறி எல்லாம் குறைங்க. நெஞ்சுக்கு ஆகாது. அதுக்காக அந்த மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார்.

ரயிலில் திரும்பும்போதே மயிலாத்தாள் முடிவுக்கு வந்துவிட்டாள். ஒரு வருஷமாக, "உங்க ஊட்டுக்காரருக்கு என்னங்க?" என்று கேட்டவர்களிடம் டைபாய்டு, காமாலை, கண் திருஷ்டி என்று மாற்றி மாற்றிச் சொல்லி, யாரிடம் எதைச் சொன்னோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இப்போது வெளியே சொல்லக்கூடிய வியாதி ஒன்று கிடைத்திருக்கிறது. அதுவும் வசதியானவர்களுக்கு வருகிற வியாதி.

எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் பூண்டு உரித்துக் கொடுத்தனுப்பினாள். சொந்தக்காரர்கள் கொள்ளு ரசம் வைக்கச் சொன்னார்கள். எதனால் வந்தது என்று கேட்டவர்களிடம், "எண்ணெயாலதானுங்க" என்றாள். அதுதான் வினையாகிவிட்டது. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் அப்புசாமி, அவள் கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுக்கு டின் டின்னாக எண்ணெய் அனுப்புவது சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வாரமே அப்புசாமி காரில் வந்து இறங்கினார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஏனம்மிணி, நம்ம எண்ணெயைத் தின்னுதான் மாப்பிள்ளைக்குக் கொழுப்பு வந்துச்சாமா?"

"நான் அப்படிச் சொல்லலீங்கண்ணா."

"மங்கலத்துச் சம்பந்தி ஊட்டுல டின்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் கலப்படம் பண்றனாமா. இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்க் காரில் உட்கார்ந்தார். மயிலாத்தாள் ஓடிப்போய் மறுபக்கத்துக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்புசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். துணிமூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயிற்று.

"உனக்கு?" என்றார்.

"எனக்கில்லீங்கண்ணா."

துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப எண்ணெய் மேல தப்பில்ல."

"இல்லீங்கண்ணா."

"செரி, எறங்கு."

அவர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்ற பயத்திலேயே அவள் அந்த மாதத்தை ஓட்டினாள். அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையிலிருந்த உறவுக்காரர் கருப்புசாமி, திருமூர்த்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழுப்புன்னா ஆளு பெருக்கோணுமுங்களே. இவருக்குக் கன்னம் ஒட்டிக் கெடக்குது. எனக்கென்னமோ வேற சீக்குன்னு தோணுது."

திருமூர்த்தி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"வேற ஒண்ணுமில்லீங்க" என்றார் நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்த அப்புசாமி, பந்தி முழுக்கக் கேட்கும்படி. "எல்லாம் எங்க மில்லு எண்ணெயாலதான். பூசணம் புடிச்ச கொப்பரையப் போட்டு ஆட்டிப்போட்டேன். அதத் தின்னா செலருக்குக் கன்னம் ஒட்டும், செலருக்கு வயிறு பெருக்கும்."

அவருடைய எண்ணெய் வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். கருப்புசாமி அந்தப் பேச்சை விட்டுவிட்டு, தன் இலையிலிருந்த அப்பளத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

கொழுப்புக்கென்று டாக்டர் தனியாக ஒரு மாத்திரை கொடுத்தார். ரத்தம் ஓரளவு தெளிந்தது. கன்னம் மட்டும் பழையபடி ஆகவில்லை. அப்புசாமி மறுபடியும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மச்சான் முகத்தைப் பார்க்கக் கூசி உள்ளறைக்குப் போன திருமூர்த்தியை, "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"யாவாரம் எப்படீங்கண்ணா?" என்று மயிலாத்தாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வெளக்குக்கு மட்டும் வாங்கறாங்க அம்மிணி. வெளக்குக்குக் கொழுப்பு வராதுல்ல" என்றவர், எண்ணெய் விடாத தோசையைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, சட்னி கேட்டார்.