குழிக்காரரின் மடித்த சீட்டு

மண் பரிசோதனை நிலையத்தின் பின்னறையில், ஜன்னலோரமாக எட்டுக் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் முழங்கை உயரம். இருபத்தாறு வருடமாக அவற்றைக் குலுக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அவளுடைய வேலை. அதனால் நிலையத்தில் அவள் பெயர் ஜாடிக்காரி. வெளியே போய்க் குழி தோண்டி, குழிக்குள் இறங்கி மண் எடுத்துவரும் அவள் கணவர் குழிக்காரர். அந்தப் பெயர்களை வைத்தவர் யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன.

மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குலுக்கி வைத்தால் மணல் அவசரக்காரன். ஒரு நிமிடத்துக்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். வண்டல் பொடி சாயங்காலம் வரை யோசிக்கும். களி நாள்கணக்கில் தண்ணீரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். எது எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் போதும், அந்த மண் தண்ணீரைப் பிடித்து வைக்குமா, கைவிட்டுவிடுமா என்று சொல்லிவிடலாம்.

குழிக்காரருக்கு ஜாடியே வேண்டாம். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாடா போலப் பிதுக்குவார். உடனே உடைந்தால் மணல். விரல் நீளத்துக்கு உடையாமல் தொங்கினால் களி. தான் கண்டதைச் சின்னச் சீட்டில் எழுதி நாலாக மடித்து மண் பையில் போட்டுவிடுவார். ஜாடி தன் முடிவைச் சொன்ன பிறகுதான் அவள் அதைப் பிரிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய விளையாட்டு இது. அவர் தோற்றால் அன்று அவர் டீ போட வேண்டும். இருபத்தாறு வருடத்தில் அவர் போட்டது நாலே டீ.

ஆனால் கடந்த இரண்டு மாதத்தில் அவர் ஐந்து முறை தோற்றிருந்தார். அது அவருக்குத் தெரியாது. முதல் தடவை சீட்டைப் பிரித்தபோது, பாவம், அலைச்சல், என்று நினைத்துக்கொண்டாள். பதிவேட்டில் ஜாடி சொன்னதை எழுதினாள். அவரிடம் "சரிதாங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். அப்படியே ஐந்து தடவை.

இன்று ஆறாவது. மேட்டில் பதினொரு குடும்பத்தினர் காய்கறி போடுகிறார்கள். அவர்களுக்காக வெட்டப் போகும் குளத்தின் மண். அவர் வாய்வார்த்தையை நம்பி நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்தாயிற்று. நாளைக் காலை இயந்திரம் வருகிறது. ஜாடியின் அடியில் பாதிக்கு மேல் மணல் கிடந்தது. சீட்டில் இருந்தது: "நல்ல களி. தண்ணி நிற்கும்."

பதினொரு குடும்பமும் கரையில் நின்று, தண்ணீர் தரைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல அவளுக்குத் தோன்றியது. இந்தத் தடவை சரிதாங்க என்று சொல்ல முடியாது. சொல்லாவிட்டால், அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

மத்தியானம் அவர் வந்தார். செருப்பை வாசலில் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன, டீ ரெடியா?"

அவள் ஜாடியின் மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் சுழன்று அடங்கியது. அடியில் ஒரு கோடு. அது தடித்தது. மேலும் தடித்தது. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு பெரியது என்று ஜாடிக்காரிக்கு அன்றுதான் தெரிந்தது.

"இது எந்த மண்ணு?" என்றார்.

"குளத்து மண்ணு."

"பை மாறிப்போச்சு போல."

"பை மாறலைங்க." அவர் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினாள். மேஜையில் காய்ந்த மணலும் களிப்பொடியும் இரண்டு தட்டில் இருந்தன. "கண்ணை மூடுங்க. எது எதுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடவில்லை. கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா," என்றார்.

முன்னறையில் யாரோ முத்திரை குத்திக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்கு முன்னாடியே. எப்பவும் கையுறை போட்ட மாதிரி இருக்கு. டாக்டர் சர்க்கரைன்னார். போன உணர்ச்சி திரும்ப வராதாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"சொன்னா குழியில இறங்க விடமாட்ட. இந்த மேஜைக்குப் பின்னாடி உட்கார வச்சு ஜாடி கழுவச் சொல்லுவ."

"அப்போ இத்தனை நாளா எதை வச்சு எழுதினீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "கடிச்சுப் பார்த்தேன். மணல்னா பல்லுல நறநறங்கும். வண்டல் மாவு மாதிரி. களி ஒட்டிக்கும்."

"கடிச்சா? உங்க முன்பல்லு நாலும் செட்டுப் பல்லு!"

"அதனாலதான் எனக்கும் சந்தேகம் இருந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "ஆனா நீ ஒவ்வொரு தடவையும் சரின்னு சொன்னியே. சரி, விரல் போனாலும் பல்லு காப்பாத்துதுன்னு நம்பிட்டேன்."

சிரிக்கத் தொடங்கிய அவள் பாதியில் நின்றாள். அவர் மனசு நோகக்கூடாது என்று சொன்ன ஐந்து பொய்யும் சேர்ந்துதான் அந்த நாலு முளைக்குச்சியையும் அடித்திருந்தன.

"அஞ்சும் தப்புங்க," என்றாள். "நான்தான் மறைச்சேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல. பிறகு, "ஜாடிக்காரி," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "சாயங்காலம் வரை வெளிச்சம் இருக்கு. வரியா?"

குளத்து மண்ணுக்காக அவர் தோண்டிய குழி மேட்டு நிலத்தில் இருந்தது. மார்பளவு ஆழம். முழங்கால் வலியோடு அவள் ஏணியில் இறங்க, அவர் கீழே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமாகப் பையில் வந்த மண்ணை அவள் சுவராகப் பார்ப்பது அபூர்வம்.

"மேல இருட்டா ஒரு சாண் தெரியுதா? இலையும் வேரும் செத்துச் செத்து ஆனது. புழு போன ஓட்டை பாரு, அது வழியாத்தான் காத்தும் தண்ணியும் உள்ள போகும். கீழ சிவப்பு, இரும்புத் துரு. அதுக்கும் கீழ பொரபொரன்னு இருக்கே, அது இன்னும் மண்ணாகலை. மழையும் வெயிலும் பாறையை இப்பத்தான் உடைச்சிட்டிருக்கு. ஒரு விரல்கடை மண்ணு சேர நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்."

"கண்ணு நல்லாத்தான் வேலை செய்யுது."

"கண்ணு நிறத்தைச் சொல்லும். பிடிச்சு வைக்குமான்னு விரல்தான் சொல்லணும்." சிவப்பிலிருந்து ஒரு பிடி பெயர்த்து, நனைத்து, அவள் கையில் வைத்தார். "நீ சொல்லு."

அவள் பிசைந்தாள். நக நீளத்துக்கு வந்த நாடா சட்டென்று உடைந்து விழுந்தது. உள்ளே அரிசிக் குறுணை போல மணல் நெருடியது.

"உடைஞ்சிருச்சு."

அவர் ஏணியில் ஏறி முதல் முளைக்குச்சியைப் பிடுங்கினார். பிடி சரியாகக் கிடைக்கவில்லை. அவள் வந்து அவர் கைமேல் கைவைத்து இழுத்தாள்.

நாலையும் பிடுங்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். அவர் புல்லின் நிறத்தைப் பார்ப்பார், வெடிப்பைப் பார்ப்பார், ஒரு இடத்தில் நின்று, அடிமண்ணை எடுக்கும் துளைக்கம்பியைச் செலுத்துவார். அவள் பிதுக்குவாள். இரண்டாவது இடத்திலும் உடைந்தது. மூன்றாவது இடம், மேட்டிலிருந்து வழிந்து வந்ததெல்லாம் காலங்காலமாகப் படிந்த பள்ளம். சாம்பல் கறுப்பு மண். நாடா அவள் விரலைத் தாண்டி வளைந்து தொங்கியது, உடையவே இல்லை.

அவர் அதைக் கண்ணால் தொட்டுக்கொண்டே நின்றார்.

பிறகு போனை எடுத்து அதிகாரியை அழைத்தார். "மேடம், குளத்து இடம் தப்பு. என் தப்புதான். கீழே பள்ளத்துல வேற இடம் பார்த்துட்டோம், நாளைக்கு அங்கதான் வெட்டணும்." கொஞ்சம் நிறுத்தினார். "என் விரல்ல உணர்ச்சி போயிடுச்சு மேடம். இனிமே நான் தனியா எழுதுற சீட்டை நம்பாதீங்க. ஜாடிக்காரியும் கூட வருவா."

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "ஆமாங்க, முழங்கால் வலிதான். ஏணியில நான் பிடிச்சுக்குவேன்," என்றார்.

நிலையத்துக்குத் திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. அவள் பள்ளத்து மண்ணை ஜாடியில் கரைத்து வைத்தாள். களி கலங்கலாக நின்றது. அதற்கு நாள் வேண்டும். அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

"ஆறு தடவை தோத்திருக்கீங்க. ஆறு நாளும் டீ நீங்கதான்."

"சர்க்கரை எனக்கு வேணாம்," என்றார். "உனக்கு ரெண்டு ஸ்பூன்."

சில மாதங்களுக்கு முன் கொதிக்கிற டம்ளரை அவர் முகம் சுளிக்காமல் இறுகப் பிடித்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று அன்று நினைத்தாள். இப்போது அவர் அதே போல டம்ளரை ஏந்திக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்து போனாள். முந்தானையால் டம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு அவர் கையை விரித்து, சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.